பள்ளத்துல கூட்டு, தாயி

வா தாயி, உக்காரு. கையில என்ன, ஸ்வெட்டர் கையா? நான் டீ வடிகட்டியோன்னு பார்த்தேன்.

மூஞ்சியைத் தூக்காத. அப்பத்தாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. இப்பக் கொசுவுக்கு எத்தனை காலுன்னு கேட்டாலும் எண்ணிச் சொல்லுவேன், அதான் இந்த வீட்டுல எல்லாருக்கும் சங்கடம். மணிக்கட்டுப் பார்டர் முடிஞ்ச இடத்துல, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓட்டை வச்சிருக்க. இரு, எண்ணுறேன். பதினொண்ணு. "டிசைன் அப்பத்தா"ங்கிற. ஆகட்டும், டிசைனாவே இருக்கட்டும். 60 கண்ணியை 72 ஆக்கணும்னுதான கிளம்புன? அப்ப ஓட்டை பன்னெண்டு இருக்கணுமே, மிச்சம் ஒண்ணை எந்தக் கடையில அடகு வச்ச?

நான் சொல்லட்டுமா அது எங்க போச்சுன்னு? நீ காலேஜ் படிச்ச பிள்ளை. 60-ஐப் பன்னெண்டால வகுத்திருப்ப, அஞ்சு வந்திருக்கும். அஞ்சு கண்ணிக்கு ஒருக்கா நூலை ஊசி மேல ஒரு சுத்து சுத்திவிட்டுப் போயிருப்ப. அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு ஜோராப் போயி, 60-ஆவது கண்ணி முடிஞ்சதும் பார்த்தா வரிசையே தீந்துபோச்சு. பன்னெண்டாவதை எங்கிட்டுப் போடுறது? அந்தரத்துலயா? அதான் பதினொண்ணு. பேசாம விட்டுட்ட. இப்ப உன் ஊசியில இருக்கிறது 71. இல்லேன்னு சொல்லு பார்ப்போம்.

கணக்கு தப்பில்ல தாயி. கணக்கு போட்ட இடந்தான் தப்பு.

மன்னவனூர்ல பிறந்தவளுக்கு ரிப்புன்னா என்னன்னு நான் சொல்லித் தரணுமாக்கும்? வெளிய போயி உருளைக்கிழங்குக் காட்டைப் பாரு. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். அம்புட்டுதான் ரிப்பு. ரெண்டு நிட்டு, ரெண்டு பர்லு. நிட்டு மேடா எந்திரிச்சு நிக்கும், பர்லு பள்ளமா உள்ள பதுங்கும். ஏன் பதுங்குதுன்னு யாரும் கேக்குறதில்ல. வெளிப்பக்கம் வெறும் நிட்டாத் தெரியிற துணியோட பக்கவாட்டு ஓரம் பின்னால பார்த்துச் சுருளும். வெறும் பர்லுன்னா அதே துணியைத் திருப்பிப் பிடிச்ச மாதிரி, முன்னால பார்த்துச் சுருளும். இந்த ரெண்டு முரட்டுச் சம்பந்தியையும் அடுத்தடுத்து உக்கார வச்சாப் போதும். அவன் அங்கிட்டு மடங்க, இவன் இங்கிட்டு மடங்க, துணி விசிறி மாதிரி மூடிக்கிரும். இழுத்தா விரியும், விட்டாக் கூடும். பள்ளம் இருக்கிறதே இழுத்தாத்தான் தெரியும்.

இப்பப் புத்திசாலி, நீ சொல்லு. வீட்டுக்கு வேண்டாத சாமான் வந்தா எங்க வைப்ப? நடுக்கூடத்துலயா, பரண் மேலயா? புதுக் கண்ணியும் அப்படித்தான். மறைக்கிறதுக்குன்னே பதினஞ்சு பள்ளம் அந்தப் பார்டர்ல சும்மா கெடக்கு. ஒரு பள்ளத்துக்கு ரெண்டு பர்லு, ஒரு மேட்டுக்கு ரெண்டு நிட்டு, நாலு நாலாப் பிரிச்சா 60-ல பதினஞ்சு. நீ என்ன செஞ்ச? பதினொண்ணுல மூணு மேட்டு உச்சந்தலையில நட்டிருக்க. அஞ்சு சரிவுல தொங்குது. மூணே மூணுதான் பள்ளத்துல விழுந்திருக்கு, அதுவும் தானா உருண்டு விழுந்தது, நீ போட்டு விழல.

சரி, கேட்டுக்க. 72 வேணும்னா பன்னெண்டு கூடணும். இருக்கிறது பதினஞ்சு பள்ளம். நாலு பள்ளத்துக்கு ஒவ்வொண்ணு கூட்டு, அஞ்சாவது பள்ளத்தை விடு. திரும்ப நாலு, ஒண்ணு விடு. திரும்ப நாலு, ஒண்ணு விடு. நானாலு பன்னெண்டு இல்ல, முந்நாலு பன்னெண்டு, பாரு எனக்கும் வாய் குழறுது. விட்டது மூணு. அந்த மூணுல கடைசிப் பள்ளம் ஓரத்துல இருக்கிறது, மூட்டும்போது எப்படியும் தையல் குடிக்கிற இடம். அங்க கூட்டாம இருக்கிறதே நல்லது. வகுத்தல் கணக்கு ஓரத்துல வந்து முட்டுச்சுல்ல, பள்ளக் கணக்கு முட்டாது.

கூட்டுறது எப்படின்னுதான் அடுத்த பஞ்சாயத்து. ஊசி மேல நூலைச் சுத்தி விட்டா ஓட்டை விழும், அது லேஸ் பின்னலுக்குப் போடுறது. கல்யாணத்துக்குப் போடுற சால்வையில அழகா இருக்கும். இந்த ஸ்வெட்டரைப் போடப்போற உன் மாப்பிள்ளை விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கேரட் மூட்டை ஏத்தப் போறவுக. அவுகளுக்கு எதுக்கு மணிக்கட்டுல பதினொரு ஜன்னல்? ரெண்டு கண்ணிக்கு நடுவுல கீழ ஒரு நூல் குறுக்கால ஓடுது பாரு, ஏணிப்படி மாதிரி. அதை ஊசியால தூக்கி, கழுத்தைத் திருகிப் பின்னு. திருகுனா மூடிக்கிரும், திருகலேன்னா திறந்துக்கிரும். இடது கை ஊசியால முன்னால இருந்து பின்னால தூக்குனா, ஊசிக்கு அந்தப் பக்கம் கெடக்குற பின்கால்ல குத்து. பின்னால இருந்து முன்னால தூக்குனா, இந்தப் பக்கம் கெடக்குற முன்கால்ல குத்து. ஒண்ணு இடப்பக்கம் சாயும், ஒண்ணு வலப்பக்கம் சாயும். பள்ளத்துக்குள்ள எங்கிட்டுச் சாஞ்சா என்ன, எவன் எட்டிப் பார்க்கப் போறான்.

ஆனா பள்ளம்னா பர்லு. தூக்குன நூலைப் பின்கால்ல பர்லு போடுறது இருக்கே, முதுகுல எறும்பு கடிச்ச இடத்தைச் சொறியிற மாதிரி. கை போகும், ஆனா எட்டாது. எத்தனையோ பேரு இதுக்குப் பயந்தே மேட்டுல கூட்டுறாக. அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. நான் யாருக்கும் சொல்றதில்ல, உனக்குச் சொல்றேன், நீ எனக்கு வர்ற வெள்ளிக்கிழமை கொடைக்கானல்ல இருந்து பன்னு வாங்கிட்டு வர்ற.

துணியைத் திருப்பு. உள்பக்க வரிசையில வரும்போது பள்ளமெல்லாம் மேடாத்தான நிக்கும்? முன்னால பர்லா இருந்தது உனக்கு இப்ப நிட்டு. அந்த வரிசையில கூட்டிரு. ஒரு நிட்டு போடு, நடுவுல ஓடுற நூலைத் தூக்கு, பின்கால்ல நிட்டாவே குத்து, அடுத்த நிட்டைப் போடு. அம்புட்டுதான். திருப்பிப் பார்த்தா வெளிப்பக்கம் அது சமத்தா பர்லா உக்காந்திருக்கும். ரிப்போட கடைசி வரிசை உள்பக்க வரிசையா வர்ற மாதிரி எண்ணி வச்சுக்க. அந்த வரிசையில எல்லாத்தையும் கூட்டிட்டு, அடுத்த வரிசையில இருந்து 12 நம்பர் ஊசியைப் போட்டுட்டு 10 நம்பரை எடுத்து வெளிப்பக்கம் வெறும் நிட்டா வர்ற மாதிரி ஓட்டு. உள்பக்கத்துல இருந்து எண்ணும்போது ஓரப் பள்ளம்தான் முதல்ல வரும், அதனால முதல் பள்ளத்தை விட்டுட்டு நாலு, ஒண்ணு விட்டு நாலு, ஒண்ணு விட்டு நாலு. மறந்துராத.

என்ன முழிக்கிற? 12 நம்பர்தான் ஒல்லி, 10 நம்பர்தான் தடி. பழைய இங்கிலாந்துக் கணக்கு அது. நம்பர் ஏற ஏற ஊசி இளைக்கும். 12 நம்பர் 2.75 மில்லிமீட்டர், 10 நம்பர் 3.25. வெள்ளைக்காரன் கணக்கை எல்லாம் நேராவா வச்சுட்டுப் போனான்.

கூட்டுறதுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரே கண்ணியில முன்கால்ல ஒருக்கா, பின்கால்ல ஒருக்கா குத்தி ரெண்டாக்குறது. பலரும் முதல்ல கத்துக்கிறது அதுதான். ஓட்டை விழாது, ஆனா ரெண்டாவது பிறந்தது கழுத்துல குறுக்க ஒரு முடிச்சு மாட்டிட்டு வரும். வெறும் நிட்டுத் துணியில அது கொசுக்கடி மாதிரி தனியாத் தெரியும், அதனாலேயே பாதிப் பேரு அதை வையிறாக. அட, அந்த முடிச்சு பார்க்கிறதுக்கு அச்சு அசலாப் பர்லு மாதிரியே இருக்கும்டி! ரிப்புல நிட்டுக்கு இடப்பக்கம் ஒரு பர்லு புதுசா வேணும்னா அதை விட்டா வேற நல்ல ஆள் கிடையாது. ஒரு ஊருல திருடன்னு பேர் வாங்குனவன் இன்னொரு ஊருல காவக்காரனா இருக்கிறதில்லையா.

ஒண்ணுக்கு ஒண்ணு ரிப்பா இருந்தா? ஒரு நிட்டு, ஒரு பர்லு. அங்க ஒத்தையாக் கூட்டக் கூடாது, வரிசை குலைஞ்சுரும். ரெட்டையாத்தான் கூட்டணும். ஒரு நிட்டுக் கண்ணியை எடுத்து அதுக்குள்ளயே நிட்டு, பர்லு, நிட்டுன்னு மூணையும் குத்திட்டு இறக்கு. ஒண்ணு மூணாச்சு, ரெண்டு கூடுச்சு, ரெண்டு பக்கமும் பர்லு இருக்க நடுவுல நிட்டு பர்லு நிட்டுன்னு வரிசை தப்பாம நிக்கும். கொஞ்சம் நெருக்கடியா இருக்கும், முதல் ரெண்டு வரிசைக்கு மூஞ்சியைச் சுளிக்கும். அப்புறம் பழகிரும்.

இதெல்லாம் ஒரே வரிசையில கூட்டுற கதை. நீ அடுத்து உன் தம்பிக்கு முழுக்கையும் ரிப்பாவே வேணும்னு போனுல படம் காட்டுனியே, அதுதான் வினை. அங்கதான் நம்மூர் மச்சான்மாரு காடு உழுற வித்தை வேணும். காடு கீழ குறுகலா இருந்து மேல அகலமாப் போகுதுன்னு வையி. அதுக்காக நடுக்காட்டுல புதுசா ஒரு சால் கிளப்புவானா எவனாவது? ஓரத்துல துண்டுச் சால் ஓட்டுவான். அது நீண்டுக்கிட்டே போயி முழுச் சாலாகும்.

அதே மாதிரி ரெண்டு ஓரத்துலயும் ஒரு ஓரக்கண்ணி வச்சுக்க. அது தையலுக்கு, அதைத் தொடாத. 60-க்கு ரெண்டு சேர்த்து 62. ஓரக்கண்ணிக்கு உள்ளாற கூட்டு. 6 வரிசைக்கு ஒருக்கா ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. 72 வரிசையில பன்னெண்டு தடவை, பக்கத்துக்குப் பன்னெண்டு, மொத்தம் 24. பன்னெண்டை நாலால வகுத்தா மீதி வராது, அதனால பக்கத்துக்கு மூணு முழு ரிப்பு புதுசாக் கிடைக்கும். இதைத்தான் ஊசி எடுக்குறதுக்கு முன்னாடியே பார்க்கணும். கூட்டுறது நாலு நாலா முடியிற மாதிரி இருக்கான்னு. தோள்பட்டைக்குப் போயி அரை ரிப்போட நிக்கிறவளை நான் நிறையப் பார்த்திருக்கேன். அப்புறம் "அக்குளுக்குள்ள யாரு பார்க்கப் போறா"ன்னு ஒரு சமாதானம்.

புதுசா வந்த கண்ணி நிட்டா பர்லான்னு எப்படித் தெரியும்னு கேப்ப. புதுசா வந்த மருமகளுக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான், பக்கத்துல இருக்கிறதைப் பார்த்து. வலப்பக்கத்துல உன் ரிப்பு ரெண்டு நிட்டுல ஆரம்பிக்குதா? அப்ப அதுக்கு வெளிய முதல்ல பிறக்கிறது பர்லு, ரெண்டாவதும் பர்லு, மூணாவது நிட்டு, நாலாவது நிட்டு. இடப்பக்கம் ரெண்டு பர்லுல முடியுதா? அங்க முதல் ரெண்டும் நிட்டு, அடுத்த ரெண்டும் பர்லு. ஒரு பக்கம் பர்லு பிறக்கிற அதே வரிசையில மறுபக்கம் நிட்டு பிறக்கும். தப்பாப் போச்சோன்னு பதறாத. கையை மூட்டும்போதுதான் சூட்சுமம் தெரியும். அந்த நிட்டும் இந்தப் பர்லும் தையல்ல வந்து சேர்ந்து, முதல்ல ஒத்தை நிட்டு ஒத்தைப் பர்லா, அப்புறம் ரெட்டை நிட்டு ரெட்டைப் பர்லா, மடிப்புக்குள்ள இருந்து ஒரு புது ரிப்பே பூத்து வர்ற மாதிரி இருக்கும். நான் முதல் தடவை அதைப் பார்த்தப்ப அடுப்புல பால் பொங்குனது தெரியல. உங்க தாத்தா கருகுன பால்லதான் அன்னைக்கு டீ குடிச்சாரு.

ஆறு வரிசைக்கு ஒருக்கான்னு சொன்னா ஆறுக்கு ஒருக்கா. மூணுலயே முடிச்சிட்டா சீக்கிரம் ஆகும்னு கணக்குப் போடாத. நூலைத் தூக்கித் தூக்கிப் பின்னுறது பக்கத்துக் கண்ணிக்கிட்ட கடன் வாங்குற மாதிரி. புது நூல் எதுவும் வரல, அவங்க நூலைத்தான் இழுக்கிற. அடுத்தடுத்து வாங்குனா அந்த ஓரமே விறைச்சுப்போகும். வரிசையை மனசுல எண்ணாம, நாள்காட்டித் தாளைக் கிழிக்கிறோமே, அது பின்னால கோடு போட்டுட்டு வா. கூட்டுன இடத்துல ஒரு ஊக்கைக் குத்தி வையி. நாப்பது வருஷமாப் பின்னுற எனக்கே ஊக்கு வேணும்.

உங்க பெரியப்பன் மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கானே, போன பொங்கலுக்கு வந்தவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். "எங்ககிட்ட மெஷின் ரிப்பு ஓட்டுது அப்பத்தா, நீ இன்னும் ரெண்டு குச்சியை வச்சுக்கிட்டு"ன்னான். சரி ராசா, உன் மெஷின் கையை எப்படி அகலமாக்கும்னு கேட்டேன். அகலமாக்காதாம். குழாய் மாதிரி ஒரே அகலத்துல துணி இறங்குமாம், அப்புறம் கத்திரியால வெட்டி ஓவர்லாக் அடிப்பாங்களாம். ரிப்பு கழுத்துக்கும் கைக்கும் பட்டையா ஒட்டுறதுக்கு. அவனே இன்னொண்ணும் சொன்னான். இங்கிலாந்துல வில்லியம் லீன்னு ஒருத்தர் சாக்ஸ் பின்னுற மெஷினை 1589-லயே கண்டுபிடிச்சுட்டாராம். அதுல ரிப்பு சரளமா ஓட்டுறதுக்கு டெர்பிப் பக்கத்து ஜெடிடயா ஸ்ட்ரட் 1758-லயும் 1759-லயும்தான் காப்புரிமை வாங்குனாராம். பார்த்தியா, மெஷினுக்குப் பர்லு வர கிட்டத்தட்ட 170 வருஷம் ஆயிருக்கு. நீ பத்து நாள்ல கத்துக்கிட்ட. அதனாலதான் உன்னை இம்புட்டு நேரம் திட்டிக்கிட்டு இருக்கேன், வராதவளை எவ திட்டுவா?

தொப்பைக்காரங்களுக்கு ஒரு வைத்தியம் இருக்கு, அதையும் போற போக்குல சொல்லிர்றேன். உங்க பெரிய மாமன் ஸ்வெட்டரைக் கீழ ரெண்டுக்கு ஒண்ணு ரிப்புல ஆரம்பிச்சேன். ரெண்டு நிட்டு, ஒத்தைப் பர்லு. வயித்துக்கிட்ட வந்ததும் ஒண்ணு விட்டு ஒரு பள்ளத்துல ஒத்தைப் பர்லை ரெட்டையாக்குனேன். நாலு வரிசை போயி மிச்சப் பள்ளத்துல ஆக்குனேன். ரெண்டுக்கு ரெண்டு ஆகிப்போச்சு. 120 கண்ணி 160. எங்க கூடுச்சுன்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேடுனாலும் கிடைக்காது. மாமன் மட்டும் "அத்தை, நான் இளைச்சுட்டேன் போல"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். நானும் ஆமாம்னுட்டேன்.

நூலைக் கொஞ்சம் காட்டு. ம்ம். அக்ரிலிக்கு. கடைக்காரன் "ஊல்"னு சொல்லித்தான் கொடுத்திருப்பான். நம்ம மன்னவனூர்ல 1965-ல இருந்து மத்திய அரசோட ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கு, பாரத் மெரினோ ஆடு மேஞ்சுக்கிட்டு இருக்கு, நீ பஸ் ஏறிப் போயி பிளாஸ்டிக் நூல் வாங்கிட்டு வந்திருக்க. குத்தம் சொல்லல, விலை அப்படி. ஆனா தெரிஞ்சுக்க. ஆட்டு ரோமம்னா துவைச்சதும் கொஞ்சம் உப்பும், சின்னச் சின்ன இடுக்கை அதுவே மூடிக்கிரும். இழுத்துவிட்டாலும் ரிப்பு திரும்பக் கூடும். அக்ரிலிக்குக்கு அந்தக் கருணை கிடையாது. நீ என்ன போட்டியோ அது அப்படியே இருக்கும், பேரப்பிள்ளை காலம் வரைக்கும். சூடா இஸ்திரி போட்டுச் சரிபண்ணலாம்னு நினைச்சியோ, ரிப்பு செத்த பாம்பு மாதிரி படுத்துரும், எந்திரிக்காது.

என்ன, பிரிக்கணுமான்னு பார்க்கிற. பார்டருக்கு மேல எத்தனை வரிசை போயிருக்க, பதினாலா? பிரிக்காமலும் ஒரு வழி இருக்கு. சுத்திவிட்ட அந்த ஒத்தைக் கண்ணியை மட்டும் ஊசியில இருந்து நழுவவிட்டு, ஓட்டை வரைக்கும் ஏணி மாதிரி இறக்கி, அடியில ஒரு திருகு திருகி, குரோஷா கொக்கியால படிப்படியா மேல ஏத்தலாம். ஒரு ஓட்டைன்னா அதைத்தான் சொல்லுவேன். பதினொரு கிணத்துல இறங்கி ஏறணும்கிறியா? ஏறுனாலும் மேட்டுல நட்டது மேட்டுலயேதான் இருக்கும், அடகு வச்ச பன்னெண்டாவதும் வராது. போட்ட அடுத்த வரிசையிலயே எல்லாத்தையும் பின்கால்ல குத்தியிருந்தா பாதி மானமாவது தப்பிச்சிருக்கும், அது போன ரயிலு.

பிரிச்சிரு. ஆனா ஊசியை உருவிட்டு வெறிபிடிச்ச மாதிரி இழுக்காத. கம்பளி ஊசியில ஒரு கலர் நூலைக் கோத்து, ரிப்போட கடைசி வரிசையில 60 கண்ணியிலயும் ஓட்டு, மேடு ரெண்டு பள்ளம் ரெண்டுன்னு வாயால சொல்லிக்கிட்டே. அப்புறம் இழு. அந்தக் கலர் நூலோட நின்னுரும், ஒரு கண்ணி கூட ஓடாது. அந்த 60-ஐயும் 12 நம்பர் ஊசியில எடுத்து, எந்தப் பக்கம் உனக்கு எதிர்ல இருக்குன்னு பாரு. வெளிப்பக்கமா இருந்தா இன்னொரு ரிப்பு வரிசை ஓட்டிட்டுத் திருப்பு. உள்பக்கம் வந்ததும் கூட்ட ஆரம்பி. பிரிச்ச நூலை உருண்டையா இறுக்கிச் சுத்தாத, தளர்வாச் சுத்து.

முடிச்சதும் எண்ணு. ஒருக்கா எண்ணி, டீ குடிச்சுட்டு வந்து இன்னொருக்கா எண்ணு. 72 வந்துச்சுன்னா தூக்கிட்டு வா, பார்க்கிறேன். 71 வந்துச்சுன்னா வராத. அன்னைக்கு எனக்குக் காது கேக்காது. பன்னு மட்டும் எது எப்படி ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துரணும்.